வைத்த செட்டிங் வைத்தபடி

இந்த வீட்டில் தான் வைத்த ஒரே ஒரு பொருளாவது வைத்தபடி இருந்தாக வேண்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பல் விளக்கிக்கொண்டே அரவிந்தன் சபதம் எடுத்தான். வாய் நிறையப் பேஸ்ட் நுரை. சபதம் கொழகொழவென்றுதான் வெளியே வந்தது.

"என்னாங்க, வாந்தி வருதா?" என்று சமையலறையிலிருந்து ஜோதிலட்சுமி கேட்டாள்.

அவன் வாயைக் கொப்பளித்துத் துப்பினான். பாதிச் சபதம் அதோடு போயிற்று. மீதியை விடவில்லை.

அரவிந்தனின் கஷ்டம் அரவிந்தனுக்குத்தான் தெரியும். கடலூர்ப் பக்கம் குடிகாட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கண்ட்ரோல் ரூம் வேலை. அங்கே இரண்டு ஆள் உயரக் கலனுக்குள் என்னென்னவோ கொதிக்கும். இத்தனை டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்று இவன் ஒரு எண்ணைத் தட்டிவிட்டால் போதும், ஷிஃப்ட் முடிகிறவரை அது அந்த எண்ணை விட்டு அசையாது. மேனேஜரே இவனைக் கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார். அப்படிப்பட்டவன் மஞ்சக்குப்பத்து மாடி வீட்டில் வந்து செருப்பைக் கழற்றினால் கதையே வேறு. ஃபேனை மூன்றில் வைத்தால் ஐந்துக்குப் போயிருக்கும். டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கை கழுவி வருவதற்குள் ஏறியிருக்கும். காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொன்னால், அன்றைக்கென்று பாயசம் வைத்திருப்பாள்.

தனக்கென்று ஒன்று வேண்டும். அவள் கை படாத ஒன்று. வீட்டில் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றைப் போட்டிருந்தான். கார் மாட்டு வண்டியாக நகர்ந்தது. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் பறக்கும் என்று ஜோதியின் தம்பி ஜெயப்பிரகாஷ் சொன்னான். அவன் சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன்.

"கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணு வாங்கப் போறேன்" என்றான் அரவிந்தன்.

"இருக்கிற ரேஷன் கார்டுக்குப் போயி சர்க்கர வாங்கியாரச் சொன்னா காலு வலிக்குதுங்கிறீங்க. இன்னொரு கார்டு எதுக்கு?"

"இது கம்ப்யூட்டருக்குள்ள போடுறது."

"அதுல பாமாயிலு உண்டா?"

கார்டு வந்தது. மாட்டிய அன்றைக்கு அரவிந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. ஜோதியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துத் திரையைக் காட்டினான். அவள் கையில் உரித்த பூண்டு, மடியில் உரிக்காத பூண்டு.

"இது கார்டோட வேகம். கம்பெனியிலேர்ந்து வர்றப்ப ஒரு அளவு வச்சி அனுப்புவான். நாம அத ஏத்திக்கலாம். ஓவர்கிளாக்குன்னு பேரு."

"கிளாக்குன்னா கடியாரந்தான?"

"ம்."

"கடியாரம் வேகமா ஓடுனா தப்பு மணியில்ல காட்டும்?"

"இது மணி காட்டாது. காரு ஓட்டும்."

"சரி, இது என்னா?"

"ஃபேனு. வேகத்த ஏத்துனா கார்டு சூடாவும். அதுக்காவ ஃபேனையும் ஜாஸ்தி வச்சிக்கணும்."

"ஓ. கார்டு சூடானா அஞ்சுல வைப்பீங்க. பொண்டாட்டி சூடானா மூணு போதும்."

அரவிந்தன் அதைக் காதில் வாங்கவில்லை. எஜமான மிதப்பில் இருந்தான். "இந்தா பாரு, 'டிஃபால்ட்'டுன்னு ஒரு பொத்தான் இருக்கு பாரு. இத மட்டும் தொடவே கூடாது. தொட்டா நான் வச்சதெல்லாம் போயி, பழைய அளவுக்கே இறங்கிடும்."

"எந்தப் பொத்தான்?"

"இது."

"இதுவா?"

"ஐயோ, கைய எடு. இதேதான்."

ஜோதிலட்சுமி குனிந்து நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு பூண்டை அள்ளிக்கொண்டு எழுந்து போனாள்.

அடுத்த சில வாரங்கள் அரவிந்தனுக்குப் பொற்காலம். ஷிஃப்ட் விட்டு வருவான். காப்பி குடிப்பான். காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், சோறு ஆறி, ரசம் ஆறி, கடைசியில் ஜோதியும் ஆறிப் போன பிறகுதான் எழுந்திருப்பான். அவள் ஏதாவது சொன்னால் ஒரு காதை மட்டும் தூக்கி, "என்னா?" என்பான். "ஒண்ணுமில்ல" என்பாள். காது மூடிக்கொள்ளும்.

கல்யாணமாகி ஆறு வருஷம். வீட்டில் இரண்டே பேர். "விசேஷம் ஏதும் உண்டா?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள்கூட இப்போதெல்லாம் கடலூரில் மழை உண்டா என்றுதான் கேட்கிறார்கள். இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் ஒருவர் காதை மூடிக்கொண்டால் இன்னொருவர் சுவரோடுதான் பேச வேண்டும். இதையெல்லாம் அரவிந்தன் அப்போது யோசிக்கவில்லை. அவன் கார் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

ஒருநாள் சாயங்காலம் கம்ப்யூட்டரைப் போட்டான். கார் மறுபடி மாட்டு வண்டி. செட்டிங்கைத் திறந்து பார்த்தால் வேகம் பழைய அளவில் நிற்கிறது. ஃபேனும் அப்படியே. கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஏதோ ஆகியிருக்கும் என்று திரும்பவும் எல்லாவற்றையும் ஏற்றி, கம்ப்யூட்டர் தொடங்கும்போதெல்லாம் இதே அளவில் தொடங்கட்டும் என்கிற கட்டத்திலும் டிக் போட்டுவிட்டுப் படுத்தான். மறுநாள் டூட்டி முடிந்து வந்து போட்டால், போயிருந்தது. அதற்கு மறுநாளும் போயிருந்தது.

வெகு நாட்களுக்குப் பிறகு அரவிந்தன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"ஜோதி, அநியாயத்தப் பாத்தியா? நான் வச்ச செட்டிங் நிக்க மாட்டேங்குது."

"ஐயையோ" என்றாள் ஜோதி. முறத்தைக் கீழே வைத்தாள். "உக்காருங்க. மொதல்லேர்ந்து சொல்லுங்க."

அவன் மேடையில் ஏறி உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னான். கம்பெனியில் கலனின் சூடு எப்படி நிற்கும் என்பதையும், ஒருமுறை புது ஆள் ஒருவன் தப்பு எண்ணைத் தட்டிவிட்டு அழுததையும், நடுவில் கேன்டீன் சாம்பாரையும் சேர்த்துச் சொன்னான். ஜோதி வாய் திறக்காமல் கேட்டாள். அடுப்பில் மீன் குழம்பு சுண்டி வறுவலாகிவிட்டது. இருவருக்கும் தெரியவில்லை.

பிறகு தொடங்கியது வைத்தியம். இணையத்தில் தேடினான். இதே வியாதி உலகம் பூராவும் இருந்தது. ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். நிர்வாகி அனுமதியோடு இயக்கு என்றான் ஒருவன். கார்டை இயக்குகிற டிரைவர் மென்பொருளை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடு என்றான் இன்னொருவன். பெட்டிக்குள் மதர்போர்டில் உள்ள பொத்தான் அளவு பேட்டரியை மாற்று என்றான் மூன்றாமவன். அரவிந்தன் எல்லாவற்றையும் செய்தான். மருந்து ஒவ்வொன்றும் அன்றைக்குக் கேட்டது. மறுநாள் வியாதி திரும்பி வந்தது.

கீழ் வீட்டு ரத்தினம்மாள் மாடிப்படியில் மடக்கினார். வீட்டுக்காரம்மா.

"என்னா தம்பி, மொகமே சரியில்ல?"

"டிரைவர மாத்திட்டேம்மா. அப்பவும் சரியாவல."

"எந்த பஸ்சு டிரைவரு? குடிச்சிட்டு ஓட்டுறானா?"

"கம்ப்யூட்டரு டிரைவரும்மா."

"அதுக்கும் டிரைவரு வச்சிட்டியா? வசதிதான். அப்ப இது கண்ணுதான், வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, ஒரு எலுமிச்சம்பழத்தோடு மேலே ஏறி வந்தார். கம்ப்யூட்டரை மூன்று சுற்று சுற்றினார். ஜோதி பயபக்தியோடு சூடம் கொளுத்தினாள். புகைக்கு இருமியபடி அரவிந்தன் கும்பிட்டான். மறுநாளும் செட்டிங் போயிருந்தது. எலுமிச்சம்பழத்தில் ஜோதி சாதம் கிளறினாள்.

"தம்பிகிட்ட கொண்டு போயிக் காட்டுவோமா?" என்று ஜோதிதான் சொன்னாள். "ஞாயித்துக்கிழம நானும் வர்றேன். நீங்க தனியா எப்படித் தூக்குவீங்க?"

கம்ப்யூட்டர் பெட்டியைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார்கள். ஜன்னலோரம் ஜோதி. பக்கத்தில் அரவிந்தன். மடியில் பெட்டி. நின்றுகொண்டிருந்த ஒரு அம்மாள், "கொழந்த தூங்குதா?" என்று பெட்ஷீட்டை விலக்கிப் பார்த்துவிட்டு நகர்ந்து போனார். ஒரு கணம் அரவிந்தன் ஜோதியின் முகத்தைப் பார்க்கப் பயந்தான். பார்த்தபோது அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்டக்டர் வந்து நின்றும் இருவராலும் ஊர்ப் பேரைச் சொல்ல முடியவில்லை.

குடிகாடு வந்தபோது ஜன்னல் வழியே கையை நீட்டிக் காட்டினான். "அதோ, மஞ்சக் கலருல ஒரு குழாய் போவுது பாரு. அதுக்குப் பின்னாடிதான் என் ரூமு."

"ஆறு வருசமாச்சி. இன்னிக்குத்தான் காட்டுறீங்க" என்றாள்.

ஜெயப்பிரகாஷ் பெட்டியைப் பிரித்தான். செட்டிங்கை ஏற்றி, அணைத்துப் போட்டான். நின்றது. மறுபடி அணைத்துப் போட்டான். நின்றது. ஒயரையே பிடுங்கிப் போட்டான். அப்போதும் நின்றது.

"மாமா, இது கல்லு மாதிரி இருக்குது."

"வீட்டுல நிக்க மாட்டேங்குது மச்சான்!"

ஜெயப்பிரகாஷ் அக்காவைப் பார்த்தான். அக்கா கடைக்கூரையைப் பார்த்தாள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒரு பல்லிகூட இல்லை. ஜெயப்பிரகாஷ் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"கடலூரு கரண்ட்டு சரியில்ல மாமா. யூ.பி.எஸ். ஒண்ணு போட்டுப் பாருங்க."

பெட்டியைக் கடையில் விட்டுவிட்டு, மத்தியானம் இருவரும் சம்பா சாதமும் கத்திரிக்காய்க் கொத்சும் சாப்பிட்டார்கள். வெயில் தாழ்ந்ததும் தேர் வீதிகளைச் சுற்றி நடந்தார்கள். ஜோதி பூ வாங்கினாள். அரவிந்தன் மதர்போர்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். ஒரு வீதி முழுக்க மதர்போர்டு. திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கினாள். மடியில் பெட்டி, தோளில் அவள். கால் மரத்துப் போனது. ஆலப்பாக்கம் தாண்டியும் அவன் அசையவில்லை.

யூ.பி.எஸ். வந்தது. மறுநாள் செட்டிங் போயிருந்தது.

ஆனால் அன்றைக்கு அரவிந்தனுக்கு மூளை வேலை செய்தது. கண்ட்ரோல் ரூம்காரன் கலனைக் கையால் தொட்டுப் பார்த்தே சூட்டைச் சொல்வான். டூட்டியிலிருந்து வந்ததும் வராததுமாகப் பெட்டி மேல் கையை வைத்தான். வெதுவெதுவென்றிருந்தது. காலையிலிருந்து அணைந்து கிடக்கிற பெட்டி எப்படி வெதுவெதுக்கும்? சமையலறையில் ஜோதி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அரவிந்தன் மூச்சு விடாமல் அந்தப் பாட்டைக் கேட்டான்.

மறுநாள் கம்பெனிக்கு லீவு சொன்னான். வீட்டில் சொல்லவில்லை. டிபன் பாக்ஸோடு கிளம்பி மஞ்சக்குப்பம் மைதானத்து மர நிழலில் உட்கார்ந்தான். துப்பறிவது எவ்வளவு சலிப்பான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. காலையிலேயே மத்தியானச் சாப்பாட்டைத் தின்று தீர்த்தான். கிரிக்கெட் ஆடியவர்கள் பந்தை எடுத்துப் போடச் சொன்னார்கள், போட்டான். நடுப்பகல் ஆனதும் எழுந்து போய், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினான்.

"என்னா தம்பி, செருப்பு காலக் கடிக்கிதா?" என்று கீழிருந்து ரத்தினம்மாள் குரல் கொடுத்தார். அவன் வாயில் விரலை வைத்துக் காட்டினான். "ஓகோ, வாயக் கடிக்கிதா?" என்றார் அவர், இன்னும் சத்தமாக.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஜோதிலட்சுமி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பூண்டு. வலது கையில் மவுஸ்.

"இன்னிக்கு இவ்ளோ ஏத்திட்டாரா உன்ன?" என்று திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எறங்கு ராசா, எறங்கு. மெதுவா. ஆங்." பொத்தானை அமுக்கினாள். முறைப்படி அணைத்தாள். துணியை எடுத்து, காலையில் அவன் போட்ட மடிப்பு மாறாமல் பெட்டி மேல் போட்டாள்.

"ஜோதி!"

அவள் திரும்பினாள். கொஞ்சம்கூடப் பதறவில்லை. "வந்துட்டீங்களா? சாப்பிட்டீங்களா?"

"என்னா பண்ற?"

"தூசி தொடைக்கிறேன்."

"மவுஸப் புடிச்சிக்கிட்டா?"

"அதுலதான் தூசி ஜாஸ்தி."

"அந்தப் பொத்தான அமுக்குனத நான் பாத்தேன். தெனமும் நீதானா? பேட்டரிய மாத்தினேன். டிரைவர மாத்தினேன். பெட்டியச் சிதம்பரத்துக்குத் தூக்கிட்டுப் போனேன். எலுமிச்சம்பழம் சுத்தறப்போ நீ சூடம் வேற கொளுத்துன!"

"பெரியவங்க வந்து சுத்துறாங்க. சூடம் கொளுத்தலன்னா மரியாதயா?"

"ஏன் ஜோதி?" என்றான். கோபமாகத்தான் கேட்க நினைத்தான். குரல் வேறு மாதிரி வந்தது.

அவள் ஒரு பூண்டுப் பல்லை எடுத்து, உரிக்காமல் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அது நல்லா ஓடுன அன்னிக்கு நீங்க 'காப்பி'ன்னு ஒரு தடவ சொல்லுவீங்க. அப்புறம் 'என்னா'ன்னு ஒரு தடவ. அவ்ளோதான். மொதல்ல கோவத்துலதான் அமுக்குனேன். அது போன அன்னிக்கு அடுப்பாண்ட வந்து ஒக்காந்து என்னென்னமோ பேசுனீங்க. எனக்கு ஒரு எழுத்து புரியல. ஆனா பேசுனீங்க. அப்ப முடிவு பண்ணேன், இது சரியாவவே கூடாதுன்னு."

"அதுக்கு... என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"எதுல சொல்றது? காதுதான் மூடியிருக்கே." உருட்டிய பல்லை மடியில் போட்டாள். "பாண்டிச்சேரி டாக்டரப் பாத்துட்டு வந்ததுலேர்ந்து நீங்க என்கிட்ட சரியா பேசறதில்ல. பேச்ச எடுத்தா நான் அழுவேன்னு பயம். எனக்குத் தெரியும். நான் அழுது முடிச்சி ரொம்ப நாளாச்சி. நீங்கதான் இன்னும் காருல சுத்திக்கிட்டு இருக்கீங்க."

அரவிந்தன் செருப்பை இன்னும் கையிலேயே வைத்திருந்தான். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வாசலுக்குப் போய் வைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். ஒரு பூண்டை எடுத்தான். அவன் இதற்கு முன்னால் பூண்டு உரித்ததில்லை. தோலோடு பாதிப் பூண்டும் போனது. உரித்துக்கொண்டே அவன் பாண்டிச்சேரியைப் பற்றிப் பேசினான். அன்றைக்கு டாக்டர் சொல்லி முடித்த பிறகு, தான் மருந்துக் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் சந்துக்குள் போய் நின்றதைச் சொன்னான்.

"தெரியும். கைல மருந்தே இல்லாம வந்தீங்க" என்றாள் ஜோதி.

சாயங்காலம் இருவரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அவள் இனிமேல் அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை. அவன் இனிமேல் சோற்று நேரத்துக்கு ஹெட்போனைக் கழற்றிவிட வேண்டும். கடற்கரைக்குக் கூப்பிட்டால் வளைவில் கார் இருந்தாலும் எழுந்து வர வேண்டும்.

ஜோதிலட்சுமி சொன்ன சொல் தவறாதவள். செட்டிங் நின்றது. மறுநாள் போட்டான், நின்றது. அடுத்த நாள், நின்றது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தான், ஜில்லென்றிருந்தது. அரவிந்தன் எடுத்த சபதம் நிறைவேறிவிட்டது. அவன் வைத்த ஒன்று வைத்தபடி இருந்தது.

முதல் நாள் ஆனந்தமாக ஓட்டினான். இரண்டாம் நாள் ஓட்டினான். மூன்றாம் நாள் பாதிப் பந்தயத்தில் ஹெட்போனைக் கழற்றினான். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. எழுந்து போய் வாசலில் நின்றான்.

"என்னா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"செட்டிங் நிக்கிதா?"

"நிக்கிது."

"நல்லது." அவள் வெங்காயம் அரிந்தாள்.

பேச்சை எங்கிருந்து தொடங்குவதென்று அவனுக்குத் தெரியவில்லை. எல்லாம் சரியாக இருக்கிற வீட்டில் என்ன சொல்லிக்கொண்டு மேடையில் ஏறி உட்காருவது? மழை வருமா என்று கேட்டான். வராது என்றாள். திரும்பி வந்து கார் முன்னால் உட்கார்ந்தான். கார் பறந்தது. அவனுக்குச் சலித்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் ஜோதி மொட்டை மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். அரவிந்தன் கதவைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். சொந்த வீட்டில் திருடனைப் போல மவுஸை நகர்த்தி, அந்தப் பொத்தானில் கொண்டு போய் நிறுத்தினான். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினான். பிறகு முகத்தை நீளமாகத் தொங்கவிட்டுக்கொண்டு மாடிப்படியில் போய் நின்றான்.

"ஜோதி... மறுபடியும் போயிடிச்சி."

கை நிறையத் துணியோடு இறங்கி வந்த ஜோதிலட்சுமி அவன் முகத்தைப் பார்த்தாள். "ஐயையோ" என்றாள். "நான் தொடவே இல்லியே."

"உன்ன யாரு சொன்னா? நெசமாவே கோளாறுதான் போல. நாளைக்கி ஞாயித்துக்கிழமதான... மச்சான்கிட்ட ஒரு தடவ..."

"காட்டிட்டு வந்துடுவோம்" என்றாள்.

மறுநாள் பெட்ஷீட் சுற்றிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, குடிகாட்டைத் தாண்டி, புதுச்சத்திரத்தைத் தாண்டி, வாய் ஓயாமல் பேசியபடி அரவிந்தன் சிதம்பரம் போய்ச் சேர்ந்தான். ஒருமுறைகூட அவள் கொட்டாவி விடவில்லை. தன் தந்திரம் இவ்வளவு சுலபமாகப் பலித்ததில் அவனுக்கே உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. கடைக்குள் நுழைந்து, பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, மூச்சு வாங்கினான்.

"மச்சான், இது மறுபடியும்..."

ஜெயப்பிரகாஷ் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடை ஷட்டரை இறக்கக் கொக்கியை எடுத்தான்.

"இத ஏன் மாமா வீணா தூக்கியாந்தீங்க? இந்த ஞாயித்துக்கிழம நீங்களே பொத்தான அமுக்கிட்டு வருவீங்கன்னு அக்கா புதன்கிழமையே போன் பண்ணிடுச்சி. வாங்க, கறி வெந்துடுச்சி."